தேவந்தி நடந்த வழி

பெருங்காவியங்களைப் பயில்கிறவர்கள் தலைவனையும் தலைவியையும் பின்தொடர்ந்து செல்வதிலேயே மனநிறைவு பெற்றுவிடுவது இயல்பு. ஆயினும், ஓரிரு இடங்களில் மட்டும் தோன்றிச் சில வார்த்தைகள் பேசிவிட்டுக் கதையின் ஓட்டத்தில் மறைந்துபோகும் துணைப்பாத்திரங்களை, அவர்கள் எங்கே புறப்பட்டார்கள், எதற்காகப் புறப்பட்டார்கள், எங்கே சென்று நின்றார்கள் என்று பொறுமையோடு தேடிச் செல்கிறவனுக்கு, காவியத்தின் உள்ளே மற்றொரு காவியம் நடந்துகொண்டிருப்பது சில வேளைகளில் புலப்படும். தெய்வங்களும் பேய்களும் மனிதரோடு கலந்து நடமாடுகிற, கனவுகள் பலிக்கிற, முற்பிறப்புகள் நினைவுக்கு வருகிற அற்புத உலகம் ஒன்றைத் தன்னுள் கொண்ட சிலப்பதிகாரத்தில், அவ்வாறு தேடிக் காணத்தக்கவள் தேவந்தி. அவள் கண்ணகியின் தோழி. கண்ணகி மதுரையை எரித்த வரலாறு தமிழ்நாட்டில் எழுத்தறியாதவர்களுக்கும் தெரியும்; அந்தக் கண்ணகியைத் தேடிக்கொண்டு காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து வையைக் கரையோடு மலைச்சிகரத்துக்கும் நடந்து வந்தவளைக் கற்றவர்களிலும் பலர் மறந்துவிட்டார்கள்.

அவளை நினைவுபடுத்தும் கடமை கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கிற எங்களுக்குச் சற்று அதிகமாகவே உண்டு என்பது என் அபிப்பிராயம். இப்பள்ளத்தாக்கிலுள்ள பண்ணைப்புரத்துக்கு மேற்கே எழுந்து நிற்கும் மலைகள், கோம்பையையும் கம்பத்தையும் கூடலூரையும் தம் அடிவாரத்தில் வைத்துக்கொண்டு தெற்கே நீண்டு, குமுளிப் பக்கத்தில் வளைந்து செல்கின்றன. அங்கே, கூடலூருக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாகிய சிகரத்தில், மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. கண்ணகி சென்ற வழியைக் காவியத்தின் குறிப்புகளைக் கொண்டு ஆராய்ந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார், சேர மன்னன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோயில் இதுவே என்று 1963-ஆம் ஆண்டில் அறிவித்தார். கொடுங்கல்லூரே அவ்விடம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. அந்த விவாதம் எவ்வாறு முடியினும், வையையின் கரையைப் பிடித்துக்கொண்டு சென்று பெருமலையின்மேல் ஏறினார்கள் என்று இளங்கோவடிகள் சொல்லும்போது, வையைக்கு நீர் கொடுக்கும் மலைகளைத் தினந்தோறும் கண்ணெதிரே காண்கிற நாங்கள், அந்த வழி எங்கள் ஊர்களின் ஊடே வந்த வழி என்றுதான் கொள்கிறோம்.

தெய்வத்தை மணந்தவள்

தேவந்தியின் வரலாறு ஒரு குழந்தையின் மரணத்தில் தொடங்குகிறது. புகார் நகரத்தில் மாலதி என்ற பார்ப்பனப் பெண் தன் மாற்றாளின் குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது, பால் விக்கி அக்குழந்தை இறந்துவிட்டது. வேண்டுமென்றே கொன்றாள் என்று வீட்டார் பழி சொல்வார்களே என்று நடுங்கிய மாலதி, உயிரற்ற குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு, கற்பகத் தருவின் கோட்டம், வெள்யானைக் கோட்டம், ஞாயிற்றின் கோட்டம், முருகன் கோட்டம், நிக்கந்தக் கோட்டம் என்று நகரத்துக் கோயில்கள் ஒவ்வொன்றின் வாயிலிலும் நின்று முறையிட்டு, இறுதியில் பாசண்டச் சாத்தன் கோயிலுக்கு வந்து வரம் வேண்டிப் பாடு கிடந்தாள். அப்பொழுது இடாகினிப் பேய் ஒன்று அழகிய இளம்பெண்ணின் வடிவில் அவளிடம் வந்து, தவம் செய்யாதவர்களுக்குத் தெய்வம் வரம் கொடுக்காது என்று சொல்லி, குழந்தையின் உடலைக் கையில் வாங்கிக்கொண்டு சுடுகாட்டு இருளில் சென்று விழுங்கிவிட்டது. மாலதி கதறினாள். அந்தக் கதறலைப் பொறுக்கமாட்டாத சாத்தன், அழாதே, முன்னே பார் என்று தேற்றி, தானே அக்குழந்தையின் வடிவெடுத்து அவள் செல்லும் வழியில் கிடந்தான். மாலதி அதை வாரி எடுத்துச் சென்று தாயின் கையில் கொடுத்தாள்.

தெய்வம் மனிதக் குழந்தையாக வளர்ந்தது. கலைகளைக் கற்றது, பெற்றோர் இறந்தபின் அவர்களுக்குரிய கடன்களைச் செய்தது, தாயத்தாரோடு எழுந்த வழக்கைப் பேசி முடித்தது, தேவந்தி என்ற பெண்ணை மணந்துகொண்டு எட்டு ஆண்டுகள் இல்லறமும் நடத்தியது. பிறகு ஒருநாள், சாத்தன் மூப்பில்லாத தன் தெய்வ வடிவத்தை அவளுக்குக் காட்டி, எம் கோயிலுக்கு நீ வருவாயாக என்று மட்டும் சொல்லிவிட்டு மறைந்துபோனான். தன் கணவன் தீர்த்த யாத்திரை போயிருக்கிறான் என்று ஊராருக்குச் சொல்லிக்கொண்டு, அவனை மீட்டுத்தர வேண்டும் என்று வேண்டுகிறவளைப்போல, அந்தக் கோயிலுக்கே நாள்தோறும் சென்று வழிபட்டு வந்தாள் தேவந்தி.

இந்த வரலாற்றை இளங்கோவடிகள் எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கோவலன் மாதவியின் மனையில் வாழ, கண்ணகி தன் மாளிகையில் தனித்திருந்த காலத்தில், அவள் துயரத்தை அறிந்து ஆறுதல் சொல்ல வந்தவளாகத் தேவந்தியை அறிமுகம் செய்கிறார். ஒருத்தியின் கணவன் கணிகையின் வீட்டுக்குப் போய்விட்டான். மற்றொருத்தியின் கணவன் கோயிலுக்குள் தெய்வமாகிப் போய்விட்டான். ஒருத்தி தன் நிலையைப் பிறர் அறியாதபடி மௌனத்தால் மறைக்கிறாள். மற்றொருத்தி பொய்க் காரணம் ஒன்றைச் சொல்லி மறைக்கிறாள். கணவனைப் பிரிந்த இவ்விருவரும் ஒருவரையொருவர் நாடியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கேட்டும் உணராத கனவு

தேவந்தி அறுகம்புல்லும் சிறுபூளையும் நெல்லும் தூவிச் சாத்தனை வழிபட்டு, கணவனை நீ பெறுவாயாக என்று கண்ணகியை வாழ்த்துகிறாள். கண்ணகியோ, பெற்றாலும் என் மனம் கலங்குகிறது என்று சொல்லித் தான் கண்ட கனவை விவரிக்கிறாள். கணவன் தன் கையைப் பற்றி அழைத்துச் செல்ல, இருவரும் ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறார்கள். அவ்வூரார் அவர்கள்மேல் அடாத பழி ஒன்றைச் சுமத்துகிறார்கள். அதனால் கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததென்று கேட்டு, அவள் அவ்வூர் அரசன் முன் சென்று வழக்குரைக்கிறாள். அரசனுக்கும் ஊருக்கும் கேடு விளைகிறது. அதன்பின் தானும் கணவனும் அடைந்த உயர்வைச் சொன்னால் நீ சிரிப்பாய் என்று கூறி நிறுத்திவிடுகிறாள்.

மதுரைக் காண்டமும் வஞ்சிக் காண்டமும் இக்கனவுக்குள் அடங்கியிருக்கின்றன. இதைக் காதால் கேட்ட ஒரே மனித உயிர் தேவந்தி. ஆனால் அவள் கனவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உன் கணவன் உன்னை வெறுத்தவன் அல்லன். முற்பிறப்பில் கணவன்பொருட்டு நீ செய்ய வேண்டிய நோன்பு ஒன்று தவறிப்போயிற்று. காவிரி கடலோடு கலக்கும் துறையில் உள்ள சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் இம்மையில் கணவனோடு இன்புறலாம், மறுமையிலும் போகபூமியில் சென்று பிறக்கலாம் என்று வழக்கமான பரிகாரத்தைச் சொல்கிறாள். அது நமக்குப் பெருமையாகாது என்று கண்ணகி ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். அந்தக் கணத்தில் கோவலன் வாயிலில் வந்து நிற்கிறான். சிலம்பை எடுத்துக்கொண்டு இருவரும் விடியுமுன் புறப்பட்டுவிடுகிறார்கள். தேவந்தி கதையிலிருந்து மறைந்துவிடுகிறாள்.

இது 9-ஆம் காதையில் நிகழ்வது. அதன்பின் அவளை நாம் சந்திப்பது 29-ஆம் காதையில்தான். இடைப்பட்ட காதைகளில் எத்தனையோ உயிர்கள் அழிந்துவிடுகின்றன. கோவலன் வெட்டுண்டு இறந்தான். பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர்விட்டான். கோப்பெருந்தேவியும் அவனோடு மடிந்தாள். வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்தார். அடைக்கலமாகக் கண்ணகியை ஏற்றுக்கொண்ட ஆயர்குல மூதாட்டி மாதரி, அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று தீயில் புகுந்தாள். புகாரில் கோவலனின் தாயும் கண்ணகியின் தாயும் துயரத்தால் இறந்தார்கள், தந்தையர் இருவரும் செல்வத்தைத் தானம் செய்துவிட்டுத் துறவு பூண்டார்கள், மாதவியும் துறந்தாள், தன் மகள் மணிமேகலையையும் துறவறத்தில் புகுத்தினாள். கண்ணகியோடு தொடர்புடைய பெரியவர்களுக்கு மரணம் அல்லது துறவு என்ற இரண்டு வழிகளே திறந்திருந்தன என்று தோன்றும்படி காவியம் செல்லும்போது, மூன்றாவது வழி ஒன்றைத் தேடிக்கொண்டவள் தேவந்தி. இறந்துபோகாமல், உலகத்தை வெறுத்து ஒதுங்காமல், தோழி எங்கே இருக்கிறாளோ அங்கே போவது என்று அவள் புறப்பட்டாள்.

வையைக் கரையில்

அவளோடு கண்ணகியை வளர்த்த செவிலியும், அடித்தோழியும் சேர்ந்துகொண்டார்கள். புகாரிலிருந்து மதுரை முப்பது காதம் என்பது காவியத்தின் கணக்கு. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் சென்ற அவ்வழியில், கானுறை தெய்வம் ஒன்று மாதவியின் தோழி வசந்தமாலையின் வடிவில் வந்து கோவலனை மயக்கப் பார்த்தது. ஏளனம் பேசிய இருவர் கவுந்தியடிகளின் சாபத்தால் நரிகளானார்கள். திருமால்குன்றத்துப் பிலத்தின் வழியே சென்றால் பொய்கைகளும் தெய்வமகளும் எதிர்ப்படுவார்கள் என்று மாங்காட்டு மறையவன் எச்சரித்தான். இத்தகைய வழியை மூன்று பெண்கள், அரசனின் காவலோ துறவியின் துணையோ இல்லாமல் கடந்தார்கள் என்பதைக் காவியம் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறது. வாசகர்தான் அங்கே சற்று நின்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

மதுரைக்கு வந்தவர்கள், கண்ணகி கொங்கையைத் திருகி எறிந்து நகரை எரித்த செய்தியைக் கேட்டறிந்தார்கள். கிழக்கு வாயிலால் கணவனோடு நுழைந்த கண்ணகி, கொற்றவை கோயில் வாயிலில் தன் வளையல்களை உடைத்தெறிந்துவிட்டு, மேற்கு வாயிலால் தனியே வெளியேறி, வையையின் ஒரு கரையோடு நடந்து நெடுவேள் குன்றத்தில் ஏறி, பூத்த வேங்கை மரத்தின் கீழ் நின்று, பதினான்காம் நாள் மாலையில் கணவனோடு வானுலகம் சென்றாள். தேவந்தியோ, மாதரியின் மனையைத் தேடிச் சென்று, தாயை இழந்து தனித்திருந்த அவள் மகள் ஐயையையும் தன்னோடு அழைத்துக்கொண்டாள். பார்ப்பனப் பெண் ஒருத்தி, செவிலித்தாய் ஒருத்தி, பணிபுரியும் தோழி ஒருத்தி, ஆயர்குலக் கன்னி ஒருத்தி ஆகிய நால்வரும், கண்ணகி நடந்த அதே வையைக் கரையைப் பிடித்துக்கொண்டு மலையை நோக்கி நடந்தார்கள். ஊர்ப்பெயர்கள் காவியத்தில் இல்லை. ஆனால் இன்று மதுரையிலிருந்து தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த வழியில், முல்லையாற்றுப் பாசனத்தில் விளையும் நெல்வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் கடந்து மலையடிவாரத்துக்கு வருகிறவர்கள், அதற்குமேல் ஏறும் வழி எத்தகையது என்பதை அறிவார்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கி அமர்ந்து மலைமேல் உள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போய், பொழுதடையும் வேளையில் திரும்பும் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்களுக்கு, அந்த ஏற்றத்தின் குளிரையும் அட்டைக்கடியையும் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லைத் தோழி என்று கண்டவள்

அவர்கள் மலைக்கோயிலில் புகுந்தபோது, இமயத்திலிருந்து கல்லெடுத்து, கனகன், விசயன் என்னும் ஆரிய மன்னர்களின் தலையில் அதை ஏற்றி, கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்து, பத்தினிக் கடவுளாகச் செதுக்கிப் பிரதிஷ்டை செய்த சேரன் செங்குட்டுவன் அங்கே வழிபாடு நடத்திக்கொண்டிருந்தான். நீங்கள் யார் என்ற கேள்விக்கு ஒவ்வொருத்தியும் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள். செவிலி தன்னைக் கண்ணகியின் தாய் என்கிறாள். அடித்தோழி, காதலன் பின் சென்றவளுக்குத் தோழி என்கிறாள். இருவரும் புகாரில் தாங்கள் அறிந்த பெண்ணைச் சொல்கிறார்கள். தேவந்தி மட்டும் வேறுவிதமாகச் சொல்கிறாள்: இமயமலையில் பிறந்து கங்கையில் நீராடி வந்தவளுக்கு நான் தோழி என்கிறாள். இமயத்தில் பிறந்ததும் கங்கையில் நீராடியதும் கல். கல்லாக வந்து நிற்பவளையும் ஒரு நொடியும் தயங்காமல் தன் தோழியாக அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள். எட்டு ஆண்டு தன்னோடு வாழ்ந்தவன் தெய்வமானதைக் கண்டவள் அவள். ஆகையால் மனிதர் தெய்வமாவதும், தெய்வம் கல்லில் வந்து நிற்பதும் அவளுக்கு அந்நியமான செய்திகள் அல்ல.

அதன்பின் அவள் அரற்றும்போது முதலில் வெளிப்படுவது, இத்தனை தூரம் அவளை நடத்திக்கொண்டு வந்த குற்றவுணர்வு. தவமில்லாத நான், நீ அந்தத் தீய கனவைச் சொன்ன அன்று அதன் பொருளை உணராமல் இருந்துவிட்டேனே, என்ன செய்துவிட்டேன் என்று அழுகிறாள். இருபது காதைகளுக்கு முன்னால் நிகழ்ந்த ஓர் உரையாடலை, வாசகர்களே மறந்துவிட்ட ஓர் உரையாடலை, அவள் மறக்கவில்லை. பரிகாரம் சொல்லி அனுப்பியது போதாது, கேட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொரு காதத்திலும் அவளோடு கூடவே நடந்திருக்கிறது. பிறகு, உன் தாய் இறந்ததைக் கேட்டாயா, உன் மாமி இறந்ததைக் கேட்டாயா என்று, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுகிறவளைப்போலத் தெய்வத்தினிடம் குடும்பச் செய்திகளைச் சொல்கிறாள். ஐயையை முன்னால் நிறுத்தி, உன்பொருட்டு உயிர்விட்டவளின் மகள் இவள், பார்த்தாயா தோழி என்று காட்டுகிறாள். அரசனும் படையும் சூழ நடக்கும் அந்தப் பெருவிழாவில், மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணின் தியாகத்துக்குத் தெய்வத்தின் சந்நிதியில் சாட்சி நிறுத்தியவள் தேவந்தி. அதன்பின்னரே கண்ணகி வானத்தில் செங்குட்டுவனுக்குக் காட்சி தந்து, பாண்டியன்மேல் குற்றமில்லை என்று சொல்லித் தன் கோபத்தை முடித்துக்கொள்கிறாள்.

நூலாசிரியரோடு பேசிய குரல்

கடைசிக் காதையில் தேவந்தியின் யாத்திரை அதன் சிகரத்தை அடைகிறது. மணிமேகலையின் துறவைப் பற்றிச் செங்குட்டுவன் வினவ, அவள் நிதானமாக விடை சொல்லிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று அவள் கூந்தல் அவிழ்ந்து பின்னே சரிகிறது; புருவம் துடிக்கிறது; உதடு மடிகிறது; பேச்சுக் குழறுகிறது; முகத்தில் வியர்வை அரும்புகிறது; கண்கள் சிவக்கின்றன; கையை உயர்த்திக் கால் பெயர்த்து எழுந்து நிற்கிறாள். எங்கள் பக்கத்து ஊர்களில் கோயில் கொடையின்போது பெண்கள்மேல் அருள் இறங்குவதைக் கண்டிருக்கிறவர்கள், இளங்கோவடிகள் அதை எத்தனை அருகிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார் என்று வியக்காமல் இருக்க முடியாது. அவள் நாவில் வந்து பேசியவன் பாசண்டச் சாத்தன்; எட்டு ஆண்டு இல்லறத்துக்குப்பின் மறைந்துபோன அவள் கணவன். அங்கே நிற்கும் மூன்று சிறுமியர்மேல் மாடல மறையோனின் கரகத்து நீரைத் தெளித்தால் அவர்கள் தம் முற்பிறப்பை உணர்வார்கள் என்று அக்குரல் சொல்ல, நீர் தெளிக்கப்பட்டதும், கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் மாதரியுமாக முன்பு வாழ்ந்தவர்கள் அச்சிறுமியரின் வாயால் தங்கள் மக்களை நினைத்துக் கதறுகிறார்கள். மங்கல மடந்தையின் கோட்டத்தையும் உயர்ந்த சிகரத்துச் சுனைகளையும் பற்றிய குறிப்பும் இவ்விடத்தில்தான் வருகிறது. கூடலூர் மலைமேல் உள்ள கோயிலின் பெயரோடு அது பொருந்துவதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள்.

செங்குட்டுவன் கோயிலுக்கு நிவந்தம் அளித்து, நாள்தோறும் பூவும் தூபமும் நறுமணப் பொருள்களும் கொண்டு வழிபாடு செய்யும் பொறுப்பைத் தேவந்தியிடம் ஒப்படைக்கிறான். இலங்கையின் கயவாகு முதலிய மன்னர்கள் எங்கள் நாட்டிலும் எழுந்தருள வேண்டும் என்று வேண்ட, அவ்வரம் அருளப்படுகிறது. யாகசாலைக்கு அரசன் சென்றபின், நூலை இயற்றிய இளங்கோவடிகள் தாமே அக்கோயிலுக்குள் வருகிறார். அப்பொழுது கண்ணகி தேவந்தியின்மேல் தோன்றி, அடிகளின் சொந்த வரலாற்றை அவருக்கே சொல்கிறாள்: வஞ்சியில் தந்தையின் அருகே இருந்தபோது, அரசனாகும் இலக்கணம் உனக்கு உண்டு என்று நிமித்திகன் சொல்ல, தமையன் செங்குட்டுவனின் மனம் வருந்தலாகாது என்று குணவாயிற் கோட்டத்தில் துறவு பூண்டவன் நீ என்கிறாள். காவியத்தைப் பாடிய புலவருக்குக் காவியத்தின் நாயகி ஆசி சொல்ல வருகிறாள். வருவதற்கு அவள் தேர்ந்துகொண்ட உடல் தேவந்தியினுடையது. தோழி சொன்ன ஒரு கனவின் பொருளை உணர முடியாமல்போன பெண், முற்பிறப்புகளும் நூலாசிரியரின் அந்தரங்கமும் வெளிப்படும் வாயிலாக உயர்ந்துவிட்டாள். அந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள தூரமே அவள் நடந்த வழி.

துணை நின்றவர்களின் பெருமை

அமெரிக்க அறிஞர் ஜோசப் கேம்பல் 1949-இல் வெளியிட்ட நூலொன்றில், உலகத்துப் புராணங்களில் வரும் வீரர்கள் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, அற்புத உலகில் சோதனைகளை வென்று, ஊருக்கு நன்மை தரும் பேறு ஒன்றோடு திரும்பி வருகிறார்கள் என்று ஒரு பொது அமைப்பைக் காட்டினார். 1954-லும் 1955-லும் மூன்று தொகுதிகளாக வெளிவந்த ஆங்கில நாவலாகிய ‘லார்ட் ஆப் தி ரிங்ஸ்’, இத்தகைய கதைகளுள் இன்று மிகவும் பிரசித்தமானது. அதில் தீய மோதிரத்தை எரிமலையில் எறிந்து அழிக்கும் பொறுப்பு புரோடோ என்பவனுடையது. அவனுடன் செல்லும் சாம் ஒரு தோட்டக்காரன். இறுதி ஏற்றத்தில் புரோடோவுக்குக் கால் எழாதபோது, மோதிரத்தை அவனுக்காகத் தான் சுமக்க இயலாவிட்டாலும் அவனையே சுமக்கலாம் என்று முதுகில் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறான் சாம். தம் வரலாற்றை எழுதிவந்த புரோடோ, கடைசிப் பக்கங்களைச் சாமுக்கென்று விட்டுச் செல்கிறான். கதையாசிரியர் டோல்கீன் தம் கடிதம் ஒன்றில் சாமையே தலைமை வீரன் என்று குறித்திருக்கிறார். நம் நாட்டிலோ, இராமகாதையின் ஒரு காண்டம் முழுவதும் தூதனாகச் சென்ற அனுமனின் பெருமைக்கே உரியதாக இருக்கிறது.

சாமும் தேவந்தியும் இருவருமே துணை நின்றவர்கள். இருவருமே மலை ஏறினார்கள். முதன்மையானவரின் வரலாறு இருவரிடமும் ஒப்படைக்கப்படுகிறது. ஆனால் சாம் வீடு திரும்பித் தன் மனைவியோடும் குழந்தையோடும் வாழ்கிறான். தேவந்தி திரும்பவில்லை. அவளுக்குக் கிடைத்த பேறு நாள்தோறும் செய்ய வேண்டிய ஒரு தொண்டு. மதுரையை எரித்த சீற்றம் ஒருநாள் நிகழ்ச்சி. அதன் நினைவு ஊர் ஊராகப் பரவித் தெய்வ வழிபாடாக நிலைபெறுவதற்கு, மறுநாளும் அதற்கு மறுநாளும் பூப்பறித்து விளக்கேற்ற ஒருத்தி வேண்டியிருந்தது. கேம்பலின் அமைப்புக்குள் அடங்காத இந்த வீரத்தை இளங்கோவடிகள் கண்டு போற்றியிருக்கிறார்.

பண்ணைப்புரத்துக்காரர்களுக்கு இந்த உண்மை புதிதல்ல. இவ்வூரில் 1943-இல் பிறந்த இளையராஜாவை உலகம் அறியும். சிறுவயதில் அவர் இசைமேடை ஏறியது, கம்யூனிஸ்டுக் கட்சியின் மேடைகளில் பாடிப் புகழ்பெற்ற தமையன் பாவலர் வரதராசனின் குழுவில்தான். இந்தச் சகோதரர்களின் பெயரைச் சொல்லும்போது ஊரார் முதலில் பாவலரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைச் சொல்வார்கள். முன்னே ஒளிர்கிறவரை அவர் நின்ற வரிசையோடு சேர்த்து நினைக்கும் இந்தப் பண்பு, காவியங்களைப் படிக்கும்போதும் நமக்கு வேண்டும்.

தேவந்தியை நாம் மறந்ததற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. 1892-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்துத் தமிழுலகுக்கு அளித்தபோது, வஞ்சிக் காண்டத்துக்கு அவ்வுரை கிடைக்காமலே போயிற்று. உரையின் வெளிச்சம் புகார், மதுரைக் காண்டங்களில் விழுந்த அளவுக்கு அங்கே விழவில்லை. நாடகங்களும் திரைப்படங்களும் பெரும்பாலும் மதுரையின் தீயோடு திரையை இறக்கிவிட்டன. பாடப்புத்தகங்கள் வழக்குரை காதையை விரும்பி எடுத்துக்கொண்டன. ஆகவே வஞ்சிக் காண்டத்தின் கடைசியில் மலை ஏறி வந்த நான்கு பெண்களை மாணவர்கள் சந்திக்கவே இல்லை.

மலை மட்டும் அவர்களை மறக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. மங்கலதேவி கோட்டம் ஆண்டில் ஒருநாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும், பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் முன்னதாகவே கூடி ஏற்பாடுகளை முடிவு செய்கிறார்கள். குமுளியிலிருந்து காட்டுப் பாதையில் ஜீப்புகள் செல்கின்றன. கூடலூருக்கு அருகே பளியன்குடியிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றத்தில் நடந்தும் மக்கள் போகிறார்கள். இடிந்து சரிந்த கருங்கற்சுவர்களுக்கிடையே, சந்தனக் காப்பிட்டு அலங்கரித்த கண்ணகியைத் தொழுது, மஞ்சள் கயிறும் வளையலும் பிரசாதமாகப் பெற்றுக்கொண்டு பெண்கள் இறங்குகிறார்கள். அதே மலைவழியில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்பனின் அடியவர்கள் கம்பத்தையும் குமுளியையும் கடந்து சபரிமலைக்குச் செல்கிறார்கள். பழைய இலக்கியங்களில் வரும் சாத்தனே பிற்காலத்தில் ஐயனார் என்றும் சாஸ்தா என்றும் வழிபடப்பட்டான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்படியானால், தேவந்தியின் கணவனும் தேவந்தியின் தோழியும் ஆகிய இருவருக்கும் உரிய யாத்திரைகள் ஆண்டுதோறும் இப்பள்ளத்தாக்கின் வழியாகவே நடந்துகொண்டிருக்கின்றன. இருவரையும் இணைத்தவளின் பெயருக்கு மட்டும் அங்கே ஒரு பலகையும் இல்லையென்றால், அது நம் குறை.

சிலப்பதிகாரத்தை முழுவதும் படிக்க நேரமில்லாதவர்களும், கனாத்திறம் உரைத்த காதை, வாழ்த்துக் காதை, வரந்தரு காதை என்னும் இம்மூன்றையும் அடுத்தடுத்து ஒரே அமர்வில் படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர்கள் வழக்குரை காதையைக் கற்பிக்கும்போது, அதற்கு அப்பால் நடந்து வந்தவர்களையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். அநீதியை எதிர்த்து அரசவையில் நின்று ஒரு நகரத்தையே நடுங்கவைக்கும் தருணம் மிகச் சிலர் வாழ்வில்தான் வாய்க்கும். ஆனால் துயரத்தில் இருக்கும் தோழி ஒருத்தி தன் மனத்தைத் திறந்து பேசும் தருணமும், அதை நாம் சரியாகக் கேளாமல் பழகிய ஆறுதல் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடும் தவறும் எல்லோருடைய வாழ்விலும் வருகின்றன. அந்தத் தவறு நேர்ந்தபின் ஒரு மனிதப் பிறவி என்ன செய்யலாம் என்பதற்குத் தமிழில் எழுதப்பட்ட உத்தமமான விடை தேவந்தி: தவறை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, தோழியின் இடத்தைத் தேடிச் சென்று, அவள் சொல்லாமல் விட்டவற்றையும் உலகம் கேட்கும்படி அவளுக்குக் குரலாக நிற்பது.